பொன்னாடையை இடுப்பில் கட்டியவள்

மண்டபத்துச் சமையலறைச் சுவரில் ஒரு சின்ன யன்னல் உண்டு. சாப்பாட்டுத் தட்டுகளை மண்டபத்துப் பக்கம் நீட்டுவதற்காக வைத்தது. அதன் பலகைக் கதவை அரைவாசி உயர்த்திவிட்டு, குனிந்து, மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேடையில் சிகொண்டி இருந்தாள். கழுத்தில் மாலை. தோளில் பச்சைக் கரை போட்ட பொன்னாடை. இரண்டு பக்கமும் கோட் போட்ட பெரிய மனிதர்கள். ஒலிவாங்கியில் இன்னொருவர், தான் படித்த கல்லூரியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிகொண்டி கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்து சிரித்தாள். பல் வைத்தியரிடம் போய் முறைக்காகக் காத்திருப்பவர்கள் பக்கத்துக் கதிரைக்காரரைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

சில கிழமைகளாக என் வீட்டில் இருந்த பிள்ளை. அது அவளுடைய சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

கவலை பிடித்துக்கொண்டது. இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் கவலை பழக்கமானது. பஸ் கொஞ்சம் பிந்தினாலே வந்துவிடும். மகள் போனை எடுக்காவிட்டால் வரும், எடுத்தாலும் ஏன் உடனே எடுத்தாள் என்று வரும். ஆனால் அன்றைக்குக் கவலைப்பட நியாயம் இருந்தது.

கவலைப்பட ஓர் ஆள்

மகள் அபி பல்கலைக்கழகம் போனபிறகு மேல் அறை சும்மா கிடந்தது. நான் அவளுக்கு நாளுக்குப் பலமுறை போன் எடுத்தேன். ஒருநாள் அவள் சொன்னாள்: "அம்மா, உங்களுக்குக் கவலைப்பட வேற ஒரு ஆள் வேணும். நான் ஏற்பாடு செய்யிறன்."

பகிடி என்றுதான் நினைத்தேன். அவள் உண்மையாகவே ஏற்பாடு செய்துவிட்டாள்.

ஆப்பிரிக்க நாடுகளில் தங்கள் ஊருக்காக வேலை செய்யும் இளையவர்களைத் தெரிந்தெடுத்து, லண்டனுக்கு அழைத்து, பயிற்சி கொடுத்து அனுப்பும் ஒரு திட்டம். ஃபெலோஷிப் என்கிறார்கள். பகலில் நகரத்துக்குள்ளே வகுப்பு. இரவில் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அபி எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாள்.

வெஸ்ட் ஈலிங்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு மலாவி நாட்டில் இருந்து ஒரு பெண் வரப்போகிறாள் என்றதும் நான் இரண்டு தடித்த போர்வை வாங்கினேன். பிறகு அது போதாது என்று இன்னொன்று. உறைப்புச் சாப்பிடுவாளா, வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் கேட்டால் என்ன செய்வது, ரயிலில் மாறி ஏறிவிட்டால் யாரைக் கேட்பாள் என்று என் வீட்டுக்காரரைப் போட்டுக் குடைந்தேன்.

"ஆர் வாறது, மகாராணியோ?" என்றார் இவர். "வாற பிள்ளை ஒரு ஊரையே கொண்டு நடத்துதாம். ரயில் பிடிக்கத் தெரியாதோ?"

சிகொண்டி ஒரு சின்னப் பெட்டியோடும் பெரிய சிரிப்போடும் வந்தாள். என்னை "அமாய்" என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல்லாம். முதல் நாள் பிட்டைக் கையில் எடுத்து, அமத்தி உருட்டி, குழம்பில் தொட்டு வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். தங்கள் ஊரில் சோளமாவில் களி கிண்டி இப்படித்தான் உருட்டித் தின்பதாம். எனக்கு அரைவாசிக் கவலை அந்த இடத்திலேயே குறைந்தது.

அவள் பேசியது ஆங்கிலம். என்னுடையது ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதி ஷிப்டில் பழகிய ஆங்கிலம். ஆனாலும் அவள் சொன்னது என் காதில் எங்கள் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

மேர்சியின் இடம்

அவளுடைய ஊரில் பெண்பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிடுவார்கள். கலியாணம், பிள்ளை, சீருடை வாங்க வழியில்லாமை என்று பல காரணங்கள். சிகொண்டியும் சில தாய்மாரும் சேர்ந்து அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவார்கள். ஒருமுறை போய்ச் சரிவராவிட்டால் திரும்பவும் போவார்கள். போய்ப் போய்க் கடைசியில் வகுப்பில் கொண்டுபோய் விடுவார்கள்.

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி மேர்சி. முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அவளுடைய படம் சிகொண்டியின் போனில் இருந்தது. இப்போது அவளும் இந்த வேலையில் இறங்கியிருக்கிறாளாம்.

"அடுத்த வருஷம் மேர்சி வரவேணும், அமாய்" என்று அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் சொல்லுவாள்.

அதற்கு ஒரு வழி இருந்தது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும், ஊரில் செய்கிற வேலையை லண்டனில் உள்ள ஆட்களோடு ஒருமுறை செய்து காட்ட வேண்டும். மேற்பார்வை செய்யும் ஹெலன் என்ற பெண் வந்து பார்ப்பார். நன்றாக நடந்தால், அந்த ஊரில் இருந்து அடுத்த வருடமும் ஓர் ஆளை எடுப்பார்கள்.

சிகொண்டி கேட்டது பெரிய காரியம் இல்லை. படிப்பை இடையில் விட்ட ஒரு பத்துப் பெண்கள், ஒரு பின்னேரம், கதைக்க ஓர் இடம்.

"லண்டனிலயும் அப்பிடி ஆக்கள் இருப்பினம்தானே, அமாய்?"

"இருப்பினம்" என்றேன், தண்ணீர் கொதித்த கேத்தலைப் பார்த்துக்கொண்டு.

எந்தப் பள்ளிக்கூடம்?

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் இரண்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் சந்தித்தால் முதல் கேள்வி, எந்த ஊர். இரண்டாவது கேள்வி, எந்தப் பள்ளிக்கூடம். மூன்றாவது கேள்விக்கு அவசியமே வராது. அந்த இரண்டிலும் ஆளை எடை போட்டு முடித்துவிடுவோம்.

பழைய மாணவர் சங்கம் இல்லாத கல்லூரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு விருந்து, கிரிக்கெட், கழுத்துப் பட்டி. வெம்பிளியில் சேலைக்கடையில் துணி விரித்துக் காட்டுகிற பெண்கூட, "அக்கா எங்க படிச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையைச் சொல்லுவாள். செத்தவீட்டில்கூட இந்தப் பேச்சு வரும்.

நாங்கள் முதலில் ஜெர்மனியில் இருந்தபோது இந்தத் தொல்லை இருக்கவில்லை. அந்த நகரத்தில் கேட்பதற்குப் போதிய தமிழர் இல்லை. லண்டனுக்கு வந்தபிறகுதான் மாட்டிக்கொண்டேன்.

பேச்சு அந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்தாலே நான் எழும்பிவிடுவேன். "இருங்கோ, பிளேன்ரீ போட்டுக்கொண்டு வாறன்." விம்பிள்டனில் இருந்து வெம்பிளி வரை என் பால்விடாத பிளேன்ரீக்கு நல்ல பெயர் உண்டு. அது எப்படி வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட நான் எப்படி ஒரு பெண்ணுக்குப் போன் எடுத்து, "நீங்கள் எத்தனையாம் வகுப்போடை நிண்டனீங்கள்?" என்று கேட்பது? போனை எடுப்பேன், வைப்பேன். கடைசியில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத் தலைவர் சிவபாலன் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, எங்கட வீட்டில ஆப்பிரிக்காவில இருந்து ஒரு பிள்ளை வந்து நிக்குது. கொஞ்சப் பெண்களோடை இருந்து கதைக்க வேணுமாம்."

"நல்ல விஷயம். எதைப் பற்றி?"

"படிப்பைப் பற்றி, அண்ணை" என்றேன். படிப்பை இடையில் விட்டவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

"கல்வியோ! நீர் ஒண்டுக்கும் யோசியாதையும், மலர். நான் பாக்கிறன்."

தலைவரின் அன்பு

சிவபாலன் அண்ணை நல்ல மனிதர். யார் வீட்டிலாவது பிரச்சினை என்றால் கவுன்சில் வாசலில் முதல் ஆளாக நிற்பார். அவருக்கு ஒரேயொரு பலவீனம். வெளியில் இருந்து ஒருவர் வந்தால் மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று தவிப்பார்.

இரண்டு நாளில் வாட்ஸப்பில் அறிவித்தல் வந்தது. 'கல்வி விழா.' இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் சிகொண்டியின் படம். கீழே: பிரதம விருந்தினர்.

சிகொண்டி அதை நெடுநேரம் பார்த்தாள். "அமாய், ஏன் என்னைச் சுத்தி விளக்கு?"

"அது மரியாதை, பிள்ளை."

"நான் பத்துப் பேரோடை நிலத்தில இருந்து கதைக்கத்தானே கேட்டனான்."

"அதுவும் நடக்கும்" என்றேன்.

திரும்பவும் அண்ணைக்கு எடுத்து விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் நடனப் பிள்ளைகள் பழகத் தொடங்கிவிட்டார்கள். பொன்னாடைக்கும் சொல்லியாகிவிட்டது. சொன்னால் அவர் மனம் நோகும். சொல்லாவிட்டால் இவள் மனம் நோகும். யார் மனத்தை நோகவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கவே விழா வந்துவிட்டது.

யன்னலுக்கு இந்தப் பக்கம்

விளக்கேற்றினார்கள். அகவணக்கம், தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துரையில் பல பேர். ஒவ்வொருவரும் தான் படித்த கல்லூரியில் தொடங்கி, அங்கேயே கொஞ்சநேரம் தங்கினார்கள். பிறகு சோதனையில் சிறப்பாகச் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பரிசு. பிரதம விருந்தினரின் உரை எல்லாவற்றுக்கும் கடைசியில். மண்டபத்தை ஐந்து மணிக்கு விட்டுவிட வேண்டும்.

ஹெலன் இரண்டாவது வரிசையில் இருந்தார். கையில் கடதாசித் தட்டில் ஒரு வடை. அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"உந்தப் பிள்ளையை ஏன் உப்பிடி உலர விடுகினம்?" என்றார் தேவி அக்கா. சங்கத்துச் சமையலுக்கு அவர்தான் பொறுப்பு. அவருடைய வாய்க்கு எல்லோரும் பயம். "மாலை வாடுறதுக்கு முதல் ஆள் வாடிப்போகும் போல கிடக்கு."

நாங்கள் சமையலறையில் ஏழெட்டுப் பேர், மஞ்சள் சோற்றைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தோம். எப்போதும் அதே ஆட்கள்தான். பிரான்சில் இருந்து லண்டன் வந்த றஞ்சிதான் அதில் வயது குறைந்தவள்.

மறுபடி யன்னலால் பார்த்தபோது சிகொண்டியின் கதிரை வெறுமையாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் சமையலறைக்குள் வந்தாள். கைகழுவுகிற இடம் எது என்று தலைவரிடம் கேட்டுவிட்டு எழும்பி வந்தாளாம். மாலையைக் கழற்றிக் கதவுக் கொளுக்கியில் மாட்டினாள். பொன்னாடையை உதறி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, நுனியை இறுக்கிச் செருகினாள். பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு இருந்து, கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"ஐயோ பிள்ளை, அது பொன்னாடை" என்றாள் றஞ்சி.

நான் மொழிபெயர்த்தேன். "எங்கட ஊரில துணியை இப்பிடித்தான் கட்டுறது. உடுப்பில குழம்பு படாது" என்றாள் சிகொண்டி.

"சரியாத்தான் கட்டியிருக்கிறா" என்றார் தேவி அக்கா. "சிவபாலன் இவ்வளவு காலமும் போர்த்தினதுக்குள்ள பிரயோசனப்பட்ட பொன்னாடை உது ஒண்டுதான்."

சிரிப்பு அடங்கச் சிகொண்டி என்னைப் பார்த்தாள். "அமாய், இவையிட்ட ஒண்டு கேக்கலாமோ?"

எத்தனையாம் வகுப்பு என்று கேட்கப்போகிறாள், நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும், நாளைக்கு இவர்கள் என் முகத்தில் எப்படி முழிப்பார்கள்? ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

"வகுப்பில உங்கட பக்கத்தில ஆர் இருந்தது?"

சொன்னேன்.

"யோகேஸ்வரி" என்றாள் றஞ்சி. "அவளிட்ட வாசம் வாற அழிறப்பர் இருந்தது. எனக்கு மணக்கத் தருவாள், அழிக்கத் தரமாட்டாள்."

"என்ரை பக்கத்தில ஒருத்தரும் இல்லை" என்றார் தேவி அக்கா. "கதைக்கிறன் எண்டு ரீச்சர் தனிய இருத்திப்போட்டா. அஞ்சாம் வகுப்பில நான் படிப்பை விடுற மட்டும் தனியத்தான்."

கரண்டிகள் நின்றன. அஞ்சாம் வகுப்போடு நின்றவர் தேவி அக்கா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"என்ன பாக்கிறியள்?" என்றார் அவர். "சோத்தைப் போடுங்கோ."

"நான் எட்டு" என்றாள் றஞ்சி மெல்ல. பிறகு மற்றவர்கள். ஒருத்திக்கு ஆறு. ஒருத்தி சோதனைக்குப் படித்து, சோதனைக்கு முதல்நாள் ஊரை விட்டு ஓடியவள். ஒவ்வொருத்தியும் முதலில் பக்கத்தில் இருந்தவளின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வகுப்பைச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கேள்வி வருகிறபோதெல்லாம் எழும்பிப் போனது நான் மட்டும் இல்லை. மண்டபத்தில் 'எந்தப் பள்ளிக்கூடம்' என்று தொடங்க, 'சாப்பாட்டைப் பாக்கிறன்' என்று எழும்பி வந்தவர்கள்தான் அந்தச் சமையலறை முழுவதும். வருடக்கணக்காக ஒன்றாக வெங்காயம் உரித்திருக்கிறோம். ஒருத்திக்கொருத்தி தெரியாது.

"நீங்கள், அமாய்?"

மற்றவர்களுடையதை மொழிபெயர்த்தது சுலபமாக இருந்தது. என்னுடையதை முதல்தரம் வாய்விட்டுச் சொன்னேன்.

சண்டை வந்து இடம்பெயர்ந்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சனங்களைத் தங்கவைத்தார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் என்னுடைய வகுப்பறை. நான் இருந்து படித்த மூலையில்தான் அம்மா அடுப்பு மூட்டினார். பல மாதம். பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது அந்தச் சுவர் கரும்பலகையைவிடக் கறுப்பாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து, மலர் வீட்டு அடுப்பு என்று சொல்லுவார்கள் என்று எனக்குப் பயம். நாளைக்குப் போறன், நாளைக்குப் போறன் என்று நின்றுவிட்டேன். ஒருவரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சிகொண்டி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அடுப்பு வர முதல், அந்த மூலையில உங்கட பக்கத்தில ஆர்?" என்று மட்டும் கேட்டாள்.

"சுகந்தி" என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வந்தது.

ஐந்து மணி மட்டும்

யன்னல் பலகைக்குக் கீழே ஹெலனின் முகம் தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. "இதுதான் உன்ரை கூட்டமோ?" என்று சிகொண்டியைக் கேட்டார்.

"ஓம்" என்றாள் அவள். "இப்பதான் தொடங்கியிருக்குது."

ஹெலன் உள்ளே வந்து அரிசி மூட்டையில் இருந்தார். தேவி அக்கா அவருடைய மடியில் சாப்பாட்டுப் பெட்டிகளை ஓர் அடுக்காக வைத்தார். "சொல்லு மலர். மூடியைப் போட்டுக்கொண்டு கேக்கச் சொல்லு." ஹெலன் மூடி போட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் பிரதம விருந்தினரை அழைத்தார்கள். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு சிவபாலன் அண்ணையே வேர்க்க விறுவிறுக்கச் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். பொன்னாடை இருந்த இடத்தைப் பார்த்தார். கொளுக்கியில் தொங்கிய மாலையைப் பார்த்தார்.

"என்ன இது? பிள்ளை பேச வேணும், சனம் பாத்துக்கொண்டிருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது சிகொண்டி எழும்பிப் போனால் அவ்வளவுதான். ஹெலன் பார்த்தது ஒரு விழாவாகவே போய்விடும். மேர்சியின் இடமும் போய்விடும்.

"அண்ணை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னேன். "அண்ணை, பிள்ளை கேட்ட கூட்டம் இஞ்சதான் நடக்குது. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தை இடையில விட்ட ஆக்கள். அதைப் பற்றித்தான் கதைக்கிறம். முடியேல்லை."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தேவி அக்காவில் வந்து கண் நின்றது. தேவி அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாமே, மலர்" என்றார். கோபம் இல்லை. "இவ்வளவு பேரைப் பேச விட்டிருக்கமாட்டனே."

கொஞ்சம் யோசித்தார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"ஐஞ்சு மணிக்கு மண்டபம் விட வேணுமே, அண்ணை."

"அப்ப ஐஞ்சு மணி மட்டும் நான் பேசிக்கொண்டு நிக்கிறன்."

போகிற வழியில் யன்னல் பலகையைத் தானே இறக்கி மூடினார், சத்தம் எங்களைக் குழப்பாமல்.

பேசினார். என்ன பேசினார் என்று அன்று மண்டபத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மண்டபத்துக் காவல்காரர் வந்து விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டும்வரை பேசினாராம். பலகைக்கு அந்தப் பக்கம் அவருடைய குரல் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் நாங்கள் கதைத்தோம். சோறு ஆறிப்போனது. அவருடைய பேச்சுகளில் எனக்கு நன்றி உள்ள பேச்சு அதுதான், அதில் ஒரு வசனமும் எனக்குக் கேட்காவிட்டாலும்.

சிகொண்டி ஊருக்குத் திரும்பும்போது பொன்னாடையைப் பெட்டியில் வைக்கவில்லை. விமான நிலையத்திலும் இடுப்பில்தான் இருந்தது.

ஹீத்ரோவில் இருந்து

போன மாதம் நானும் இவரும் திரும்ப ஹீத்ரோவுக்குப் போனோம். மேர்சி வந்து இறங்கினாள். படத்தில் பார்த்ததைவிடக் கட்டை. கதை குறைவு. முதுகில் இருந்த பிள்ளை இப்போது ஊரில் பள்ளிக்கூடம் போகிறதாம்.

காரில் ஏறியதும் குளிருதா, பசிக்குதா, வீட்டுக்குப் போன் எடுத்தாயா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல கேள்வி ஒன்றுதான்.

"நீ திரும்பிப் பள்ளிக்கூடம் போகேக்கை, பக்கத்தில ஆர் இருந்தது?"

மேர்சி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பிள்ளையோடை வந்தவளுக்குப் பக்கத்தில இருக்க ஒருத்தியும் வரேல்லை, அமாய். அதால சிகொண்டி வந்து இருந்தவ. அவ்வளவு பெரிய ஆள், அந்தச் சின்ன வாங்குப் பலகையில. நான் எழுத எழுத, என்ரை பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு. முதல் கிழமை முழுக்க."

இவர் திரும்ப வேண்டிய சந்தியை விட்டுவிட்டு நேரே போனார்.